கத்திக்கு வயசு ஏற்றியவள் எழுதுவது

என்னங்க,

கேட்கிறதா? உயிரோடு இருந்தபோது நான் இப்படிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். டிவி சத்தம், கடை அலுப்பு, காதில் விழவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். இப்போது அந்தச் சாக்கெல்லாம் செல்லாது. சும்மாதானே இருக்கிறீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. பாப்பாவுக்கு மொட்டை போட்டாயிற்று. நேற்று, தீர்த்தமலையில், நீங்கள் வேண்டிக்கொண்டபடியே. இப்போது சந்தனம் பூசின தலையோடு வாசலில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து தலையைத் தடவித் தடவி, "அம்மா, முடி எப்ப வரும்?" என்று என் உயிரை எடுக்கிறாள். உங்கள் மண்டை அப்படியே இருக்கிறது, பின்பக்கம் அந்த மேடு உட்பட.

இனி மற்ற செய்தி. அதைக் கோபமாகத்தான் சொல்வேன். இத்தனை நாள் யாரிடமும் சொல்ல முடியாமல் வாயை மூடி வைத்தது நீங்கள்தான், அதனால் உங்களிடம்தான் கொட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் கத்தி. வேறென்ன?

பொம்மிடி சலூன் கடையில் நீங்கள் பிளேடு மாற்றுகிற கத்தியைத்தான் வைத்திருந்தீர்கள். காகிதத்தைப் பிரித்துப் புது பிளேடை உடைத்துப் போடுவதைப் பார்த்தால்தான் இப்போது வருகிறவர்கள் கழுத்தை நீட்டுகிறார்கள். ஆனால் மாமாவின் ஜெர்மன் சவரக்கத்தி அப்படியில்லை. அவருடைய அப்பா வாங்கினது, அவர் கையில் ஓடினது, பிறகு மகன் என்று உங்களிடம் வந்தது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க வெளியே வரும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் மொட்டையின் முதல் இழுப்புக்கு வரும். அதோடு சரி. அதை மாமாவின் கல்லிலும் தோல்வாரிலும்தான் தீட்ட வேண்டும், சாணைச் சக்கரத்தில் மட்டும் வைக்கவே கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். சக்கரத்தில் சூடேறினால் இரும்பு செத்துவிடும் என்று எனக்கே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கடையில் கூட்டம், கல்லில் உட்கார்ந்து தீட்டப் பொறுமையில்லை. சந்தையில் நின்ற சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள். அவர் காய்கறிக் கத்தியைத் தேய்க்கிற வேகத்தில் அதையும் தேய்த்தார். நெருப்புப் பொறி பறந்து, கூர் நீலம் பாய்ந்து போனது. கடைக்கு வந்து தோல்வாரில் இழுத்தால் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பதறின பதற்றத்தில் கை நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போனது. முறிந்த கத்தி வீட்டுக்கு ஆகாது என்று வரும் வழியில் ஏரியில் வீசிவிட்டு, வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்த முகத்தோடு வந்து நின்றீர்கள்.

அன்றைக்கு நீங்கள் செய்த காரியத்தை நான் மறக்கவில்லை. பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சுமதி, அப்பாவுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போயிடுவாரு. பாப்பா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணு."

"எதுக்குங்க கொழந்த தலையில? என் தலையில பண்றேனே."

"உந்தலையில பண்ணா நீ ரெண்டே நாள்ல உளறிடுவ. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

என் கையைப் பிடித்து நீங்களே அவள் தலையில் வைத்தீர்கள். அந்தப் பஞ்சு முடி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அவ்வளவுதான், என்னைப் பூட்டிச் சாவியை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

மறுநாள் பூஜையில் மாமா கேட்டார். சீப்பு இருக்கிறது, கத்தரி இருக்கிறது, கத்தி எங்கே என்று. கடையில் மறந்து வைத்துவிட்டேன் என்றீர்கள். அவர் உங்கள் முகத்தையே பார்த்தார்.

"சக்கரத்துல குடுத்துட்டியாடா?"

"எம்மேல நம்பிக்க இல்லன்னா எதுக்குப்பா எங்கிட்ட குடுத்தீங்க?"

குற்றம் செய்தவர் கத்துகிற கத்து அது. எனக்குப் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. அதோடு அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தீர்கள். நடுவில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். இந்தச் சண்டை தீர்வதற்குள், மழை நாளில், பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் உங்கள் வண்டி சறுக்கியது. மாமா கடைசியாக உங்களிடம் பேசின வார்த்தை அந்தக் கேள்விதான்.

நீங்கள் போன அந்த வருஷம் எனக்கு ஒரு வகையில் நிம்மதி. இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். சாவு விழுந்த வருஷம் பண்டிகை கிடையாது, ஆயுத பூஜையும் கிடையாது, கத்தியை யாரும் கேட்கவில்லை. என் அழுகையை நான் நிம்மதியாக அழுதேன்.

வருஷம் திரும்பியதும் ஆரம்பித்தது. பாப்பா குறை எடையில் பிறந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நீங்கள் வேண்டிக்கொண்டது மாமாவுக்கு மனப்பாடம். பிழைத்தால் முதல் முடி தீர்த்தமலைக்கு, முதல் இழுப்பு எங்கள் வீட்டுக் கத்தியால் என்று. மூன்று வயசு தாண்டக் கூடாது. அவளுக்கோ முடி இடுப்பைத் தொட்டு, சிக்குப் பிடித்து, வெயிலுக்குத் தலையெல்லாம் கொப்புளம். அங்கன்வாடி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, கொழந்தய இப்பிடி வெச்சிருக்கீங்க?" என்கிறார். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்போது மொட்டை என்கிறார்கள். மாமா மட்டும் ஒரே கேள்வி.

"கத்தி எங்கம்மா?"

"கடையில பீரோவுல பத்திரமா இருக்குதுங்க மாமா."

இதை நான் எத்தனை முறை சொன்னேனோ. அரூரிலிருந்து அம்மா போன் செய்து, கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றால் போக முடியாது. நான் இல்லாத நேரத்தில் மாமா பஸ் ஏறிக் கடைக்குப் போய் பீரோவைத் திறந்தால்? கடையை எடுத்து நடத்துகிறவரிடம் விசாரித்தால்? பொய்யைப் பெற்றுப் போட்டுவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள், சோறு போட்டு வளர்த்தது நான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். பாப்பா குறுக்கே ஓடுவாள், அவள் தலை கண்ணில் படும். வாயை மூடிக்கொள்வேன். மூச்சு முட்டுகிறது என்பார்களே, அது சும்மா சொல்வது இல்லைங்க.

கடைசியில் பரணில் ஏறி உங்கள் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். புதுசு ஒன்று வாங்கிப் பழசாக்கி அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன் என்று நீங்கள் சேலத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தீர்களே, அந்த டப்பா. கத்திக்கு நரை வைக்கிறீர்களா என்று நான் கிண்டல் செய்தது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே மூன்று கத்திகள் இருந்தன. ஒன்று எவர்சில்வர். அதைப் புளியில் என்ன, சுடுகாட்டில் புதைத்தாலும் பளபளவென்றுதான் எழுந்து வரும். முடிதிருத்துகிறவருக்கு இது தெரிய வேண்டாமா? இரண்டாவது சரியான இரும்பு, ஆனால் ராத்திரி முழுக்கப் புளிக்கரைசலில் ஊறப்போட்டு, கூர் முழுக்க எலி கடித்த மாதிரி ஆக்கி வைத்திருந்தீர்கள். மூன்றாவது எண்ணெய்க் காகிதத்தோடு புதுசாகவே கிடந்தது. அதைத் தொடுவதற்குள் உங்கள் நேரம் முடிந்துபோனது.

மூன்றாவதை நான் எடுத்தேன். வேறு வழி?

மத்தியானம் மாமா சாப்பிட்டுக் கண்ணயர்வார். அந்த நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். கை நீட்டினால் இரண்டு பக்கமும் சுவர், மேலே மங்கின பல்பு. வெளியே பாப்பா கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். "அம்மா, என்ன பண்ற? அம்மா, என்ன பண்ற?" உங்க அப்பன் பண்ண காரியத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லத் தோன்றும். துணி துவைக்கிறேன் என்பேன்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். பழசாகத் தெரியவில்லை என்றால் மாமா கண்டுபிடிப்பார், அது ஒரு பக்கம். ஆனால் இது என் பிள்ளையின் மண்டையில் படப்போகிற இரும்பு. கூரில் ஒரு பல் உடைந்திருந்தால், ஒரு துளி துரு இருந்தால், கிழிக்கப் போவது அவள் தோலை. அதனால் உங்கள் மாதிரி மொத்தமாக முக்கி எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வாங்கின நெயில் பாலிஷ் பாதி காய்ந்து கிடந்தது. அதைக் கூர் நெடுக இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குப் பூசி மூடினேன். அந்தச் சிவப்புக்குக் கீழே எதுவும் இறங்காது. மேலே மட்டும்தான் என் வித்தையெல்லாம்.

கடுந்தேயிலையைக் காய்ச்சி ஆறவைத்து, வினிகர் கலந்து, துணியில் தொட்டு முதுகுப் பக்கம் ஒற்றுவேன். கொஞ்ச நேரத்தில் இரும்பு சாம்பல் பூத்து வரும். உடனே ஆப்பசோடா தண்ணீரில் கழுவிப் புளிப்பை முறித்து, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி ஒளித்துவைப்பேன். அடுப்பில் காட்டினால் சீக்கிரம் கறுக்கும் என்று போனில் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். சூடு என்றதுமே எனக்குச் சாணைச் சக்கரம் ஞாபகம் வந்தது. ஒரு கத்தி சூட்டில் செத்தது போதும் என்று விட்டுவிட்டேன். ஒரே நாளில் செய்தால் சாயம் பூசின மாதிரி இருக்கும், ஒவ்வொரு மத்தியானமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான் வயசு மாதிரி இருக்கும் என்று எனக்கே பழகிப்போனது. மாமா கட்டைவிரல் வைக்கிற இடம் பழைய கத்தியில் குழிந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த இடத்தை உப்புத்தாளாலும் சாம்பலாலும் என் கட்டைவிரலாலேயே தேய்த்தேன். கம்பெனி எழுத்து பாதி அழிந்தது, என் விரல் ரேகையும்தான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவுக்குக் கண்ணில் புரை, நிழல் நிழலாகத்தான் தெரிந்தது, விரலை ஏமாற்றினால் போதும் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாப்பிரெட்டிப்பட்டியில் கண் முகாம் போட்டார்கள். மாமா போய் ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார்.

"சுமதி, பஸ்ஸு போர்டு தெரியுது, உம்மூஞ்சி தெரியுது. இனிமேட்டு கத்தியும் நல்லாத் தெரியும்."

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். மாமாவுக்குக் கண் வந்ததற்கு அழுத பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்கு அப்புறம்தான் அளவு தெரியாமல் போனது. இன்னும் பழசாக வேண்டும், இன்னும் என்று, முதுகில் ஈர உப்பை வைத்து நிஜத் துருவையே வரவழைத்தேன். செம்புள்ளி விழுந்தது. தேய்த்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் குழி. நெயில் பாலிஷைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், கூர் மட்டும் வெள்ளிக்கோடு மாதிரி சுத்தமாக இருந்தது. உங்கள் தோல்வாரில், நீங்கள் இழுப்பதைப் பார்த்த ஞாபகத்தில், முதுகு முன்னே போக இழுத்து இழுத்து, என் கை முடியில் வைத்துப் பார்த்தேன். ஓசை இல்லாமல் எடுத்தது. உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

கடையிலிருந்து எடுத்துவந்தேன் என்று மாமா கையில் கொடுத்த அன்று நீங்கள் இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்தார்.

"எவ்ளோ வருசம் ஆச்சு. ஆனா வெரல் மறக்கல பாரு," என்றார்.

அது என் விரல் தேய்ந்த இடம் மாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஜெயித்துவிட்டேன் அல்லவா, நிம்மதியாக இருந்திருக்க வேண்டுமே? கதவை உள்ளே இருந்து நானே இன்னொரு முறை பூட்டின மாதிரிதான் இருந்தது.

நேற்று விடிந்ததும் கிளம்பினோம். மாமா, நான், பாப்பா. அரூரில் என் அண்ணன் ஏறிக்கொண்டான், தாய்மாமன் மடி வேண்டுமே. முடி எடுக்கிற கொட்டகையில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. அண்ணன் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாமா துணியைப் பிரித்துக் கத்தியை இரண்டு கையாலும் நீட்டினார்.

முடி எடுக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பெரியவரே, இன்னாதுங்க இது? துரு புடிச்சுக் கெடக்குது. இதப் போயி கொழந்த தலையில வெக்கச் சொல்றீங்களா? இங்க எல்லாருக்கும் புது பிளேடுதாங்க."

"ஒரே ஒரு இழுப்புங்க. எங்க வூட்டு வழக்கம். எங்கப்பன் காலத்துக் கத்தி."

"அதான் தெரியுதே! கொழந்தைக்கி ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எப்படி மாட்டிக்கொண்டேன் பாருங்கள். அது துரு இல்லைங்க, என் டீத்தண்ணி, புதுக்கத்தி, டப்பாவிலிருந்து எடுத்து ஆறு மாசம்கூட ஆகவில்லை என்று சொன்னால் அவர் சம்மதிப்பார். சொல்லலாம் என்றால் மாமா பக்கத்தில் நிற்கிறார். சொல்லாவிட்டால் உங்கள் வேண்டுதல் போயிற்று, இத்தனை மத்தியானமும் போயிற்று. மாமா நீட்டின கையை எடுக்கவில்லை. பின்னால் நிற்கிற கூட்டம் சீக்கிரம் என்கிறது. பாப்பா வீல் என்று அழுகிறாள்.

நான் கத்தியை வாங்கினேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, அவர் கண்ணுக்கு நேராகத் திருப்பினேன்.

"அண்ணா, மேல பாக்காதீங்க. ஓரத்தப் பாருங்க."

சொல்லிவிட்டு இடது மணிக்கட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். முடி வழித்துக்கொண்டு வந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை. அவர் குனிந்து பார்த்தார்.

"அட! மேல பாத்தா கெழடு, ஓரம் மட்டும் நேத்து கடையில வாங்கினாப்பல இருக்குதே!"

எனக்கு உயிரே போய்விட்டது. மாட்டினேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது மாமா சொன்னார்.

"எம்மவன் வெச்சிருந்த லட்சணம் அப்பிடிங்க."

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், சுற்றி நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. ஏங்க, நான் குளியலறையில் மூச்சு முட்ட முட்டச் செய்த வேலைக்கு உங்களுக்குப் பேர்! எரிச்சலாக வந்தது. அதே நேரம், யாரோ உங்கள் முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு மனுஷி எங்கே வைத்துக்கொள்வது?

முடி எடுக்கிறவர் ஒத்துக்கொண்டார், ஆனால் தன் கையால் வைக்க மாட்டேன் என்றார். உங்கள் வீட்டுக் கத்தி, நீங்களே வையுங்கள் என்றார். மாமா கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"நீ வெய்யிம்மா. அவன் இருந்தா அவன் வெச்சிருப்பான்."

நான் வைத்தேன். தண்ணீர் தொட்டு, முன் நெற்றியில், விரல் நீளத்துக்கு. எப்படி வைத்தேன் என்று தெரியாது. முடி சுருண்டு என் கையில் விழுந்தது. அவள் தலை பத்திரமாக இருந்தது. மிச்சத்தை அவர் புது பிளேடில் எடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. பொய் ஜெயித்தது, மாமா சந்தோஷம், பாப்பா சௌக்கியம் என்று நானும் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேன்.

திரும்பி வரும்போது அரூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான். பாப்பா என் மடியில் தூங்கிவிட்டாள். மாமா திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். உங்கள் சாவுக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"நான் பாவிம்மா. சக்கரத்துல குடுத்துட்டியான்னு அவன் மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். அவன் கண்ணாட்டம் வெச்சிருந்திருக்கான். பொய்ப்பழி போட்டுட்டேன். அந்த வேதனையிலதான் வண்டிய ஓட்டிட்டுப் போனான். எம்மவன நாந்தான் கொன்னுட்டேன்."

என்னங்க, கேட்டீர்களா? உங்கள் அப்பா உடைந்து போகக் கூடாது என்றுதானே சத்தியம் வாங்கினீர்கள்? இதோ உடைந்து போய் உட்கார்ந்திருந்தார். அவர் சந்தேகப்பட்டது சரி. அவர் கேட்டது நியாயம். அதைத் தப்பாக்கி அவர் தலையிலேயே போட்டது என் டீத்தண்ணியும் உப்பும். நான் கத்தியின் கூரைக் காப்பாற்றின அளவுக்கு மனுஷனைக் காப்பாற்றவில்லை. "அழாதீங்க மாமா" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் சொல்ல விடாமல் என் வாயில் உங்கள் பூட்டு தொங்கியது.

அப்போது பாப்பா அசைந்தாள். தூக்கத்தில் விலகிவிடாமல் இருக்க அவள் தலையில் கை வைத்தேன். வழவழவென்று, சந்தனம் காய்ந்து, ஜில்லென்று இருந்தது. அன்றைக்கு நீங்கள் என் கையைப் பிடித்து வைத்தபோது சூடாக இருந்ததே, அந்தப் பஞ்சு முடி இல்லை. அதை மலையில் சாமிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். முதல் இழுப்பை நானே வைத்து எடுத்தேன். நான் சத்தியம் செய்தது அந்த முடி மேல்தானே? முடி போனபோது அதோடு சத்தியமும் போயிற்று. சாமியே வாங்கிக்கொண்டது, இனி நீங்கள் கேட்க முடியாது.

வக்கீல் மாதிரிப் பேசுகிறாய் என்பீர்கள். பேசுவேன். இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பேசுவேன். புதுசாக முளைக்கப் போகிற முடியில் எந்தச் சத்தியமும் இல்லை, இனி வைக்கவும் விடமாட்டேன்.

மாமா அழுவார்தான். அப்பன் கத்தி போயிற்றே என்று அழுவார். உங்களைத் திட்டுவார், என்னையும் சேர்த்துத் திட்டுவார். கொஞ்ச நாள் என் கையால் சோறு வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். சொல்லட்டும். முறிந்துபோன கத்திக்கு அழுகிற அழுகை ஒரு நாள் தீரும். பெற்ற பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று அழுகிற அழுகை தீருமா?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உங்களை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். நீங்கள் பயந்து வெளுத்து வந்து நின்றதைச் சொல்வேன். அப்பா முகம் வாடக் கூடாது என்று ராத்திரி முழுக்கப் புளிக்கரைசலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைச் சொல்வேன். எவர்சில்வர் வாங்கி ஏமாந்ததையும் சொல்வேன், அதற்கு அவர் கொஞ்சம் சிரித்தாலும் சிரிப்பார். கத்தி எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்து ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். உங்கள் மகன் உங்களிடம் பொய் சொன்னார் மாமா, அதனால் நீங்கள் கேட்டது பொய்ப்பழி இல்லை என்று சொல்வேன்.

வாசலிலிருந்து மாமா டீ கேட்கிறார். கத்தி அவர் மடியில்தான் இருக்கிறது, பாப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன். கோபம் வந்தால் கனவில் வந்து திட்டிவிட்டுப் போங்கள், அப்படியாவது ஒரு முறை வாருங்கள்.

உங்கள் பேச்சை முதல் முறையாக மீறப்போகிற பொண்டாட்டி,
உங்கள் அப்பாவுக்கு இன்றிலிருந்து பொய் சொல்லாத மருமகள்,
சுமதி